ஒரு சோடிக் கையுறையும் ஐந்து குடிகாரரும்

சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் அது ஒரு மனிதனின் பிழைப்பில் கைவைத்துவிடும் என்பதை நான் என் மனைவியின் அண்ணனை வைத்துத்தான் படித்தேன். படிப்பித்த தேவனுக்குத் தோத்திரம். படித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை மூடவேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒட்டுசுட்டானில் ஒரு நிவாரண நிறுவனத்தில் நான் களஞ்சியக்காரன். முதலுதவி வகுப்புக்கு ஐந்து நாள் போனவன் என்பதால் பாதி டொக்டர் என்று எனக்குள் ஒரு நினைப்பு. மாதா கோவிலில் மதுவிலக்குச் சபையின் செயலாளரும் நான்தான். (சபையில் ஆட்கள் குறைவு. அதனால்தான் செயலாளர்.)

ஒரு நாள் எங்கள் லொறி ஒன்று மதகில் ஏறி நின்றது. அதோடு தலைமையகத்திலிருந்து கட்டளை வந்தது: ஆறு சாரதிமாரையும் சோதிக்கவேண்டும், குடித்தவருக்கு அன்றைக்கே வேலை இல்லை. கூடவே ஒரு பெட்டி. நாக்கில் வைக்கிற சின்னக் கடதாசித் துண்டுகள். மது பட்டால் நுனி பச்சையாகும். ஒரு கட்டுக் கையுறை. “ஒவ்வொரு ஆளுக்கும் புதுச் சோடி. துண்டின் நுனியைத் தொடக்கூடாது” என்று மேலதிகாரி திலகம் மிஸ் இரண்டு தரம் சொன்னா.

எனக்கு மனம் வரவில்லை. சண்டைத் தடையால் மருந்துச் சாமான் ஒன்றும் வராத காலம். ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குப் போடுகிற கையுறையையே கழுவி, கொடியில் காயவிட்டு, பவுடர் போட்டு, திரும்பப் போடுவார்கள். ஆறு பேரின் எச்சிலுக்கு ஆறு சோடியா? ஒரு சோடி போதும், மிச்சம் ஆஸ்பத்திரிக்கு என்று தீர்மானித்தேன். சுத்தத்துக்கு என்ன செய்வது? முதலுதவிப் பெட்டியில் அரைப் போத்தல் ஸ்பிரிட் இருந்தது. ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கையுறையை அதில் நனைத்த பஞ்சால் தாராளமாகத் துடைத்தேன்.

தொடங்குமுன் கண்ணை மூடிச் செபித்தேன். “மாதாவே, குற்றவாளி ஒருத்தனும் தப்பக்கூடாது.”

முதலில் கணேசு. ஊரறிந்த குடிகாரன். துண்டு வெள்ளையாகவே நின்றது. அடுத்தவர் ஐயாத்துரை அண்ணை, பச்சை. மூன்றாவது சவிரிமுத்து, என் மச்சான். தவசு காலத்தில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டவன். விட்டு நாலு மாதம். துண்டின் நுனியைப் பிடித்து நாக்கில் வைத்தேன். நல்ல பச்சை.

“மச்சான், அந்தோனியாராணை நான் தொடேல்லை.”

“கோவிலை இதுக்குள்ளை இழுக்காதை சவிரி. கடதாசி பொய் சொல்லாது.”

“நான் பொய் சொல்லுவன் எண்டு நினைக்கிறியோ?”

நான் அவன் பெயருக்கு நேரே ‘குடித்திருக்கிறார்’ என்று எழுதினேன். அழகான கையெழுத்தில். அவன் லொறித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு நடந்துபோனான்.

மற்ற மூவரும் பச்சைதான். பெயர்ப் பட்டியலோடு மிஸ்ஸிடம் போனேன். அவா அதை மேலும் கீழும் பார்த்தா.

“கணேசு குடிக்கேல்லை, ஐயாத்துரை அண்ணை குடிச்சிருக்கிறாரோ? அவருக்குக் குடற்புண். அவர் பிளேன்ரீயே குடிக்கமாட்டார்.”

“கள்ள வேலை மிஸ். ஒருத்தரையும் நம்பேலாது.”

“சரி, இப்ப உங்கடை நாக்கிலை ஒண்டு வையுங்கோ.”

வைத்தேன். அன்றைய பச்சைகளில் அதுதான் கடும் பச்சை.

“மிஸ், நான் மதுவிலக்குச் சபை…”

அவா கையுறை போட்ட என் கையைப் பிடித்து மணந்து பார்த்தா. “இதை என்னத்தாலை துடைச்சனீங்கள்?”

“ஸ்பிரிட்டாலை.”

“அதுவும் மதுதானே ஐயா.”

பட்டியலைக் கிழித்து என் கையில் தந்தா. வெளியில் நின்ற ‘பச்சை’ச் சாரதிமார் நாலு பேரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். ஐந்தாவது பச்சை, சவிரி, அங்கே இல்லை. திறப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். வீட்டில் அவன் இல்லை. பிறகு எங்கே போயிருப்பான் என்று ஒருவரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கள்ளுக்கொட்டிலுக்குள் நான் நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. மதுவிலக்குச் சபைச் செயலாளர், இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறையோடு. (கழற்ற மறந்துபோனேன்.)

“செயலாளர் ஆரின்ரையோ பல்லுப் பிடுங்க வந்திருக்கிறார்” என்றது ஒரு குரல்.

சவிரி ஒரு மூலையில் குந்தியிருந்தான். முன்னால் பனையோலைப் பிளாவில் கள்ளு, விளிம்புவரை.

“நீதான் எழுதிப்போட்டியே. இனிக் குடிச்சாலென்ன எண்டு வந்தனான்.”

“பிழை என்ரை, சவிரி. கையுறையிலை இருந்த ஸ்பிரிட். உன்ரை வேலை இருக்கு. குடிச்சிட்டியோ?”

அவன் பிளாவைத் தொடாமல் என் பக்கம் திரும்பினான். பிறகு நாக்கை நீட்டினான்.

“சோதிச்சுப் பார்.”

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. திறப்பை அவன் மடியில் வைத்தேன். அவன் பிளாவை மண்ணில் கவிழ்த்துவிட்டு எழும்பினான்.

அடுத்த ஞாயிறு செயலாளர் பதவியைச் சவிரியிடம் கொடுத்தேன். நேர்த்தி வைத்த நாளிலிருந்து இன்றுவரை அவன் குடித்ததில்லை. எங்கள் வீட்டு விருந்துகளில் நான் சோற்றுச் சட்டியும் கரண்டியுமாக அவன் பக்கம் போனால், எல்லாருக்கும் முன்னால் வாயைத் திறந்து நாக்கை நீட்டுவான். பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள், வரிசையாக நீட்டுவார்கள். என் மனைவிதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவனுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போடுவேன்.