மட்டை இடுப்புக்கு மேல் போகக்கூடாது

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைக் காலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மெல்லிய குரலில்தான் எடுத்தேன். வெளியே வந்ததும் மனைவி துண்டை நீட்டிக்கொண்டே, "யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் உண்டு. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். சுவரில் இருக்கும் எழுத்தை ஊரையே வாசிக்கச் சொல்கிறேன். என் முகத்தில் இருக்கும் எழுத்தை அவள் ஒருத்திதான் கண்ணாடி இல்லாமல் வாசிப்பாள்.

ஞாயிறு காலை எனக்கு எதற்கு என்றால், ஹாக்கிக்கு. தெரு ஹாக்கி. புல்தரை கிடையாது, சீருடை கிடையாது. பின்தெருவில் பழைய துணிக்கூடைகளைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் கோல். எல்லோருடைய மட்டைகளையும் நடுவில் குவிப்போம். எங்களில் ஒருவரான பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து இடமும் வலமுமாக வீசுவார். மட்டை விழுந்த பக்கம்தான் ஆள், முனகக்கூடாது. கார் வந்தால் முதலில் பார்த்தவர் "வண்டி" என்று கத்த வேண்டும், கூடைகள் ஓரத்துக்குப் போய்விடும். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக்கூடாது, ஏனென்றால் ஜன்னல்கள் இருக்கின்றன. மட்டை இடுப்புக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் பற்கள் இருக்கின்றன. தொழிலுக்கு நஷ்டம் என்று தெரிந்தும் பல் டாக்டர் இந்த விதிக்குக் கை தூக்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. எங்களுக்கு நடுவர் கிடையாது. யாராவது "யாரு?" என்று கேட்டால், தப்பு செய்தவர் தானே கையைத் தூக்கிவிட வேண்டும். அடுத்தவரைக் காட்டக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது. தூக்கிவிட்டு ஓரமாகப் போய் உட்கார வேண்டும். சண்டையில்லாமல் இத்தனை வருஷம் எங்கள் ஹாக்கி சங்கம் ஓடுகிறது என்றால் இந்த ஒரு விதியால்தான்.

இப்படி நிம்மதியாக இருந்தபோது ஒரு நாள் வீட்டுக்குள் பெயிண்ட் டப்பாக்கள் வந்து இறங்கின.

"ஆள் வச்சா சுவரை விட தரைக்குத்தான் நிறைய அடிப்பாங்க. நாமளே அடிச்சிரலாம். ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிப்போம்" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமையா? சங்கத்துல விதி இருக்கே."

"என்ன விதி?"

அவள் கோபப்பட்டிருந்தால் நான் சுதாரித்திருப்பேன். கோபமே இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள்போலக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஒருத்தர் வரலைன்னாலும் ஆட்டமே நின்னுரும். ரெண்டு பக்கமும் ஆள் சமமா இருக்கணும், அதான் விதி."

"அப்படியா? யாருக்காவது காய்ச்சல் வந்தா?"

"காய்ச்சலோட வரணும்."

"பாவம். சரி, ஆட்டம் முடிஞ்சு வந்து அடிக்கலாமே?"

"முடிஞ்சதும் கலந்தாய்வு இருக்கு. யார் எங்க தப்பு பண்ணாங்கன்னு எல்லாரும் உக்காந்து பேசணும். மதியம் ஆயிரும்." பேசுவது உண்மை. டீக்கடையில், பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு, ஹாக்கியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவோம்.

"அப்போ சாயங்காலம்?"

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஒரு ஆள் இப்படி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் யாரால் நிறுத்த முடியும்?

"விளையாடினவங்க அன்னிக்கு முழுக்க கையைத் தோளுக்கு மேல தூக்கக்கூடாது. தசைக்கு ஆகாது. இதுவும் விதிதான்."

அவள் தலையை ஆட்டினாள். "நல்ல விதிங்க. தோளுக்குக் கீழ தூக்கலாம் இல்ல?"

"அது... தூக்கலாம்."

"அப்போ சுவர்ல கீழ்ப்பாதி உங்களுது."

அந்த ஞாயிறு சாயங்காலம் கூடத்தின் நான்கு சுவர்களிலும் கீழ்ப்பாதியை அடித்தேன். மேல்பாதியை ஏணியில் ஏறி அவள் அடித்தாள். என் பாதிக்கு ஏணி தேவையில்லை, இடுப்புதான் தேவை. அது ராத்திரியே போய்விட்டது.

அதற்குப் பிறகும் அவளுடைய ஆர்வம் அடங்கவில்லை. சாப்பிடும்போது கேட்பாள், விளக்கை அணைத்த பிறகு கேட்பாள். மட்டை வீசும்போது டாக்டர் ஓரக்கண்ணால் பார்ப்பாரா? பந்து அடுத்த வீட்டு மாடியில் விழுந்தால் யார் போய் எடுப்பது? தப்பு செய்தவர் உண்மையிலேயே தானாகக் கை தூக்குவாரா? "ஒருத்தர் கூடவா ஏமாத்த மாட்டாங்க?" என்று அவள் வியந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்ப யோசிச்செல்லாம் தூக்கறதில்லம்மா, 'யாரு'ன்னு கேட்டாலே கை தானா போயிரும்" என்றேன். எதற்காக இவ்வளவு கேட்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயன்றேனா என்றால், இல்லை. விதி கண்டுபிடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவே இடைவேளை விட்டிருந்தோம். அவள் பிளாஸ்க்கில் டீயோடு பின்தெருவுக்கு வந்தாள். "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். எங்களோடு ஆடும் சாவிக்கடைக்காரர் நெகிழ்ந்துபோய், "தங்கச்சி, இதுவரைக்கும் யார் வீட்லயும் இப்படி வந்ததில்லம்மா" என்றார்.

"ரொம்ப நாளா ஒரு சந்தேகம்ணே" என்றாள் அவள், அதே அப்பாவிக் குரலில். "விளையாடினவங்க அன்னிக்கு முழுக்க கையைத் தோளுக்கு மேல தூக்கக்கூடாதுன்னு விதி போட்டது யாரு?"

பல் டாக்டர் சாவிக்கடைக்காரரைப் பார்த்தார். சாவிக்கடைக்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். அப்படி ஒரு விதியை யாருமே கேள்விப்பட்டதில்லை.

என் கை மேலே போய்க்கொண்டிருந்தது. நான் தூக்கவில்லை. நான் தடுக்கத்தான் பார்த்தேன். இத்தனை வருஷப் பழக்கம், "யாரு" என்ற சொல் காதில் விழுந்ததும் அது தன் வேலையைப் பார்த்துவிட்டது. முழங்கை விறைத்து, விரல்கள் விரிந்து, வானத்தைப் பார்த்து நின்றது.

"தோளுக்கு மேல நல்லாத்தானே போகுது" என்றாள் அவள்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். தெரு ஹாக்கிக்காரனின் மானம் போய்விட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "சங்கத்து பேரைச் சொல்லி வீட்ல புளுகினது பெரிய தப்பு. ஓரமா உக்காருங்க."

"எவ்வளவு நேரம் டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"யாருக்கு எதிரா தப்பு நடந்துச்சோ, அவங்க கூப்பிடற வரைக்கும்மா."

"ஓ. அதுவரைக்கும் ஒரு ஆள் குறையுமே?"

"அவர் மட்டையை யார் வேணா எடுத்து ஆடலாம்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகி, என் மட்டையை எடுத்தாள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவதையும் தவறவிட்டாள். பிறகு தெருக்கோடியில் வேன் திரும்பும் முன்பே "வண்டி" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், கூடைகள் தானாகவே ஓரம் போனதுபோல இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் சாவிக்கடைக்காரரின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு ஒரு கோல். மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பெருமையாகவும் இருந்தது. இந்த விளையாட்டை அவள் எப்போது விரும்பத் தொடங்கினாள்? ஒவ்வொரு கேள்வியும் மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுதானா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் என் மட்டை அவள் தோளில் போகிறது. நான் ஓரமாகவே இருக்கிறேன். விதி விதிதானே. போன வாரம் அவள் செருப்பு மாட்டும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"என்னை எப்பத்தான் கூப்பிடுவே?"

"நேத்தே கூப்பிட்டேனே," என்றாள், மட்டையை எடுத்துக்கொண்டே. "சமையலறைச் சுவர் காஞ்சிருச்சு, ரெண்டாவது பூச்சு அடிக்க வாங்கன்னு."