சாலமோனின் பிணைப்பு மெஷின் கடைக்கு வராத காரணம்

சாலமோன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி வாழ்நாளில் வெங்காயம் உரிப்பதில்லை.

அதற்காக ஒரு மெஷினைக் கண்டுபிடிக்கவும் தயாராகிவிட்டார். வெங்காயம் உரிக்கிற மெஷின் அல்ல. அதெல்லாம் சில்லறை மூளைக்காரர்கள் செய்கிற வேலை. சாலமோன் வேரையே வெட்டப் போகிறவர்.

வேர் எது என்றால், பாவு, தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஆரணியில் தறி வைத்திருக்கும் வீட்டில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பாவு பிணைப்பது என்று பேர். ஆயிரக்கணக்கான பட்டு இழை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை பிணைப்பார்கள். மஞ்சளோ எண்ணெயோ பட்ட விரல் பட்டைத் தொட்டால் தீர்ந்தது கதை. அதனால் அன்றைக்கு அவர்கள் அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. எந்த வீட்டில் பாவு பிணைகிறதோ, அந்த வீட்டு ஆம்பளைதான் அன்று சமையல். உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும். தெரு வழக்கம் அது. கோயிலுக்குப் போகிற வீடும் சர்ச்சுக்குப் போகிற வீடும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

சாலமோனுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. எரிந்துபோன எந்த மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார். சாம்பாரை மட்டும் அவரால் ஓட வைக்க முடிந்ததில்லை. கரண்டியை நட்டால் நிற்கும். போன முறை அவர் வைத்த கத்திரிக்காய்க் கூட்டைப் பார்த்துவிட்டு, பிணைக்க வந்தவர்களில் மூத்தவளான சின்னபொண்ணு, "இன்னா தம்பி, சாம்பல இங்கயும் போட்டுட்டியா?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. அன்றைக்கு விழுந்த விதைதான் இது.

"லிடியா, பாவு பிணைக்க மெஷின் செய்யப் போறேன்" என்றார்.

மனைவி லிடியா தறிக்குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பால் பொங்கினா கத்துற மெஷின் செஞ்சீங்களே, அது இன்னா ஆச்சு?"

"அது நல்ல மெஷின்தான்."

"நல்லாத்தான் கத்துச்சு. பாலு பொங்கி, அடுப்பு அணைஞ்சு, நான் தொடைச்சு முடிச்ச பிற்பாடு கத்துச்சு. லைட்டு வெச்ச குடை?"

"மழையில மட்டும்தான் ஷாக் அடிச்சுது."

"குடையை வேற எப்பங்க பிடிப்பாங்க?"

சாலமோன் பேச்சை உலக அளவுக்குக் கொண்டுபோனார். வீட்டில் தோற்கும்போதெல்லாம் அவர் உலகத்துக்குப் போய்விடுவார். "தண்ணியில ஓடுற ஸ்கூட்டரு, ஃபியூசே போகாத பல்பு, மழுங்காத பிளேடு, எல்லாத்தையும் எவனோ ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்கான். செல்போன்ல பாத்துக்கினுதான் இருக்கேன். ஒண்ணாவது கடைக்கு வந்துச்சா? வராது. பெரிய கம்பெனிக்காரன் அமுக்கிடுவான். இல்லன்னா பணம் போட ஆள் இருக்காது. இல்லன்னா கூட இருக்கிறவனே பொறாமையில கவுத்துடுவான். இந்த மூணு காரணத்தாலதான் உலகம் இப்படிக் கெடக்குது."

"வாங்குறவங்களப் பாத்து, 'இது உனக்கு வேணுமா'ன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"அது எதுக்கு?"

"சும்மா கேட்டேன்" என்று லிடியா இழை ஓட்டும் நாடாவைத் தட்டினாள்.

மனுஷன் விடவில்லை. பழைய தையல் மெஷின் மோட்டார் வந்தது. சைக்கிள் செயின் வந்தது. இழையைப் பிடித்து முறுக்க ஒரு குட்டிக் கொக்கி வேண்டும். அதைச் சைக்கிள் கம்பியில் அரம்கொண்டு ராவி ராவி அவரே செய்தார். வளைந்தது, உடைந்தது, மறுபடி ராவினார். கடைக்கு வந்த மோட்டார்களெல்லாம் மூலையில் அழுதுகொண்டு கிடந்தன. பக்கத்து வீட்டுக் கந்தசாமி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் மனைவியும் நெய்கிறவள், அவரும் வெங்காயம் உரிக்கிறவர். "விடாதண்ணா. தெருவுல இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் உன்னத்தான் நம்பிக்கினு கீறோம்" என்றார்.

கடைசியில், வேலை செய்தது. நிஜமாகவே செய்தது. கொக்கி பழைய இழையைக் கவ்வி, புதியதோடு சேர்த்து, சுர்ரென்று முறுக்கி விட்டது. லிடியா ஓர் இழையை இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் அறவில்லை. சாலமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் செய்ததில் சொன்னபடி கேட்ட முதல் பொருள் அது.

"மாசத்துல அந்த ஒரு நாளுதாங்க நான் குழியை விட்டுக் காலை எடுக்கிறது" என்றாள் லிடியா, மெதுவாக. "சம்மணம் போட்டு நாலு பேரோட உக்காந்து பேசறது."

"மெஷின் இருந்தா அது ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். மீதி நாள் பூரா நீ ஜாலியா தறி நெய்யலாமே!"

லிடியா அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. சிரித்தாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய எந்தப் புருஷனும் அந்தச் சிரிப்பைக் கண்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே தெள்ளாருக்கு ஓடியிருப்பான். சாலமோன் டீ கேட்டார்.

அன்றிலிருந்து லிடியா மெஷின் கட்சிக்கு மாறிவிட்டாள். எண்ணெய் போட்டாள், துடைத்தாள், துணி போட்டு மூடினாள். வந்தவாசியில் தறிச் சாமான் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் சனிக்கிழமை மெஷினைப் பார்க்க வருகிறார் என்றதும் அவளுக்குத்தான் அதிக உற்சாகம்.

"ஒரு பாவு பிணைச்சுக் காட்டினா நம்புவாராங்க? தெருவுல இருக்கிற பாவெல்லாம் வரச் சொல்லுவோம். அவரு அசந்து போவணும்."

"உனக்கும் என்னை மாதிரியே மூளை வேலை செய்யுது" என்றார் சாலமோன்.

சனிக்கிழமை காலையில் பெண்கள் பழைய பாவின் நுனியைத் தறியிலிருந்து கழற்றி, புதுப் பாவோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடம் நிறைந்தது. சின்னபொண்ணு நடுவில் உட்கார்ந்தாள். வெற்றிச்செல்வன் நாற்காலியில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் சாலமோன் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"சுவிட்ச நான் பாத்துக்கிறேன். நீங்க ஜல்தி போய் உலை வைங்க" என்றாள் லிடியா.

"உலையா? எதுக்கு?"

"பாவு எந்த வீட்டுலங்க பிணையுது?"

"நம்ம வீட்டுல."

"அப்புறம் இன்னா கேள்வி?"

"மெஷின்தானே பிணைக்குது!"

"இழைய எடுத்துக் குடுக்கிறது நாங்கதானே தம்பி?" என்று சின்னபொண்ணு சாம்பல் விரல்களை விரித்துக் காட்டினாள். கூடத்தில் இருந்த எல்லா விரல்களும் விரிந்தன. வழக்கம் வழக்கம்தான். மெஷின் கண்டுபிடிக்கிற அவசரத்தில், பிணைக்கும் வீட்டில்தான் அடுப்பு எரியும் என்பதை சாலமோன் மறந்துபோனார். தெருவின் பாவையெல்லாம் தன் வீட்டுக்கு வரவழைத்தவர், தெருவின் வயிற்றையும் சேர்த்து வரவழைத்திருந்தார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வெங்காயம் உரித்தார். கூடத்தில் மெஷின் சுர்ரென்றது. "அடேயப்பா" என்றார் வெற்றிச்செல்வன். அந்த நேரத்தில் கண்டுபிடித்தவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "பிரமாதம்" என்றார் வெற்றிச்செல்வன். கண்டுபிடித்தவர் கைமீது கஞ்சி கொட்டிக்கொண்டார். வாழ்நாளில் கிடைத்த முதல் பாராட்டு, தாளிக்கிற சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

சற்று நேரத்தில் வெற்றிச்செல்வன் அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், இது கட்டாயம் விக்கும். ஆனா எடுத்ததும் கடையில வெக்க மாட்டேன். ஒரு வருஷம் உங்க வீட்டுலயே சென்டர் மாதிரி நடத்துவோம். ஆரணியில இருக்கிற பாவெல்லாம் இங்க வரட்டும். காலையில மூணு வீடு, மதியம் மூணு வீடு. நல்லா ஓடிச்சுன்னா மெஷின் தயார் பண்ணலாம்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடுவோம். ஐடியா லிடியா அக்கா குடுத்ததுதான்."

கூடத்திலிருந்து குரல்கள் வந்தன. "திங்கக்கிழமை கருவாட்டுக் குழம்பு வெச்சிடு தம்பி." "எனக்குக் காரம் கம்மியா." ஜன்னலுக்கு வெளியே கந்தசாமி கும்பிட்டுக்கொண்டு நின்றார். "அண்ணா, எம் பொண்டாட்டி பாவும் இனிமே இங்கதான். நான் அடுப்பத் தலைமுழுகிட்டேன். நீ நல்லா இருக்கணும்."

சாலமோன் மனசுக்குள் கணக்குப் போட்டார். மாதம் ஒரு நாள் வெங்காயம் உரிப்பதிலிருந்து தப்பிக்க மெஷின் செய்தவர், ஞாயிறு நீங்கலாக வருஷம் முழுக்க உரிக்கப் போகிறார். அதுவும் ஊருக்கே.

பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறுகிற சாக்கில் சாலமோன் மெஷின் பக்கம் போனார். கொக்கியைத் தொட்டார். ராவி ராவிச் செய்த கொக்கி. அவர் சொன்னபடி கேட்ட ஒரே பொருள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

"தம்பி, ரசம் இன்னும் கொஞ்சம்" என்று குரல் வந்தது.

வலி நின்றது. கொக்கியைக் கழற்றினார். அடுப்படிக்குப் போய்ப் புளி ஜாடிக்குள் ஆழமாக அமுக்கினார். அன்றைக்குப் பெண்கள் நுழையாத ஒரே இடம் அது.

சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் சுற்றியது, ஆனால் எதையும் பிணைக்கவில்லை. சாலமோன் நாலு பக்கமும் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது" என்றார், இறந்தவரைப் பார்த்த டாக்டர் குரலில். வெற்றிச்செல்வன் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தவாசி பஸ் ஏறினார். மீதிப் பாவுகளைப் பெண்கள் கையாலேயே பிணைத்தார்கள். பேச்சும் சிரிப்பும் சாயங்காலம்வரை ஓயவில்லை. கந்தசாமி மட்டும் துக்க வீட்டுக்காரர்போல் நடந்து போனார்.

எல்லாரும் போன பிறகு லிடியா அடுப்படியை ஒழித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்தியா லிடியா? நான் அன்னிக்கே சொல்லல? நல்ல பொருளக் கடைக்கு வர விடமாட்டானுங்க. எவனோ சதி பண்ணிட்டான்."

"பாவம்தாங்க நீங்க" என்றாள். குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "வியாழக்கிழமை நம்ம பாவு பிணைக்கணும். சின்னபொண்ணு அக்காவ வரச் சொல்லியிருக்கேன்."

"அதுக்குள்ள எப்ப சொன்ன?"

"போன வாரமே."

"போன வாரமா? மெஷின் இன்னிக்குத்தானே கெட்டுப்போச்சு?"

லிடியா எழுந்து புடவையை உதறிக்கொண்டு தறிப்பக்கம் நடந்தாள்.

"வியாழக்கிழமை ரசத்துக்குப் புளி எடுக்கறப்போ பாத்து எடுங்க. அடியில ஒரு கொக்கி கெடக்குது, கையில குத்திடப் போவுது."