முப்பத்தாறு பேர் படித்த நாவல்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்ட பெரிய முன்னேற்றம், தம் பள்ளியின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் 'நாவல் ஆய்வு' புகுத்தப்பட்டதுதான் என்று ஆங்கில ஆசிரியர் கூசாமல் சொல்வார். புகுத்தியவர் அவரே என்பதால் அதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

நோக்கம், மாணவர் உள்ளத்தில் 'வாசிப்பின் சுவையை ஊட்டுதல்'. அதற்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் நோக்கத்தைக் கைதட்டி ஏற்றார்கள். இரண்டாவதில் சுவைக்கு இருபது மதிப்பெண் ஒதுக்கினார்கள். மூன்றாவதில் புத்தகப் பராமரிப்பு விதிகள் வகுக்கப்பட்டன. அட்டை போட வேண்டும், ஓரத்தை மடக்கக் கூடாது, வாங்கிய மாதிரியே திருப்பித் தர வேண்டும். திறக்காமல் வைத்திருப்பதே சுலபம் என்று பிள்ளைகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

கடலுக்குப் போன படகோட்டிக்காக மனைவி காத்திருக்கும் கதை அது. வேறொரு பள்ளி நண்பரிடம் வாங்கிய குறிப்புகளைத் தன் கையெழுத்தில் படியெடுத்து, அத்தியாயத்துக்கு நாற்பது வினா விடை என்று ஆசிரியர் அள்ளி வழங்கினார். நாவலை அவரும் படிக்கவில்லை. ஒரு காலத்தில் பக்கத்தில் கதைப் புத்தகம் இல்லாவிட்டால் சோறு இறங்காத ஆள்தான். விடைத்தாள் திருத்தித் திருத்தி, இப்போது கதை என்றாலே கண் சொருகியது. அதை அவர் 'அனுபவம்' என்று சொல்லிக்கொண்டார்.

தேர்வில் முப்பத்தாறு பேரில் முப்பத்தைந்து பேர் தேறினார்கள். கடைசி அத்தியாயத்தைப் பற்றிய இருபது மதிப்பெண் கேள்விக்கு அந்த முப்பத்தைந்து பேரும் கமா பிசகாமல் ஒரே விடை எழுதியிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சுக் கண்ணாடிக்காரி மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள். 'கதவைத் திறந்ததும் யார் நின்றார் என்று தெரியவில்லை. என் புத்தகம் அதோடு நின்றுவிட்டது.' ஆசிரியர் சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டு, 'நாவலைக் கவனமாகப் படிக்கவும்' என்று அறிவுரையும் எழுதினார். அந்த முட்டையால் அவள் தோற்றாள்.

மறுநாள் விடைத்தாளும் கையுமாக ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், நான் மறுபடியும் இதே வகுப்புலதான் உக்காரணுமா?"

"நோட்ஸ்ல தெளிவா கொடுத்திருக்கேனேம்மா. படகோட்டி திரும்பி வந்துட்டான்."

"எப்படி சார் வந்தான்?"

"மூணு காரணங்களால."

"அவனைப் பார்த்ததும் அவ என்ன சொன்னா?"

"அது பரீட்சைக்கு வராதும்மா."

அவள் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கம், 'கதவைத் திறந்ததும் அவள்' என்பதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பின்னட்டைதான். ஆசிரியர் பீரோவிலிருந்த மற்ற பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் கடைசிப் பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே அச்சகத்தில் தைத்துவிட்டிருந்தார்கள். தன் பிரதியையும் பிரித்தார். அது அன்றுதான் முதல்முறையாகப் பிரிந்தது என்பதைப் பசை படபடவென்று ஊருக்கே அறிவித்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீ முழுசும் படிச்சியா?"

"ரெண்டு தடவை சார். ரெண்டாவது தடவையாவது வருவானான்னு பார்த்தேன்."

ஆசிரியர் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு முழு மார்க் கொடுக்கணும். மத்த எல்லாருக்கும் முட்டை. எனக்கும் சேர்த்து."

தலைமையாசிரியை பேனாவை மூடிவைத்தார். "அவளுக்கு மார்க் போட்டா ஏன்னு மேலிடத்துல கேப்பாங்க. ஏன்னு எழுதினா புத்தகத்தை எடுத்துப் பார்ப்பாங்க. முப்பத்தஞ்சு பேரும் இல்லாத அத்தியாயத்தை எழுதினது தெரிஞ்சா நம்ம கதி என்ன சார்?"

"அது தப்பில்லையா மேடம்?"

"அடுத்த வருஷம் திட்டம் எல்லாப் பள்ளிக்கும் போகுது. உங்களைத்தான் தலைமைப் பயிற்சியாளராப் போட்டிருக்காங்க."

ஆசிரியர் வாயைத் திறந்தார். தலைமைப் பயிற்சியாளர் என்பது எவ்வளவு நீளமான, அழகான பதவி என்று யோசித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை.

அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதை அவர்தான் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்:

'நாவல் ஆய்வுத் திட்டம் மகத்தான வெற்றி. ஒரே ஒரு மாணவி மட்டும் நாவலைப் படித்துவிட்டது கண்டறியப்பட்டுள்ளது. அவரை அதே வகுப்பில் நிறுத்திவைத்துள்ளோம். இப்பழக்கம் பிறருக்குப் பரவாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.'