சரீத்சாவின் புகைக்கோட்டையை டிராம் பாகன் முற்றுகையிட்ட படலம்

வாழ்க வெனியமின் லூக்கிச்! கம்பியில் நீலப்பொறி தெறிக்க, தண்டவாளம் அதிர, தோம்ஸ்க் நகரத்துப் பனித்தெருக்களில் ஆயுளில் பாதியைத் தேரோட்டிக் கழித்த டிராம் பாகனே, வாழ்க! படிக்கட்டில் தொங்குவோர் எத்தனை பேர் ஏசினும் முகம் சுளிக்காத பொறுமைக் குன்றே! தலை நரைத்த பின்னும் நெஞ்சு நரைக்காத காளையே! ஓப் பேராற்றின் வலக்கரையில், செங்குத்தான மண்மேட்டின்மேல், மரவீடுகள் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் சரோச்சியார் என்னும் இச்சிற்றூரின் மக்களாகிய நாங்கள் உன் போரை இன்றளவும் மறந்தோமில்லை. அதைப் பாடப் புகுமுன் ஒரு தெய்வத்தைத் துணைக்கு அழைப்பதே முறை. ஆனால் ஜூலை மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் தெய்வங்கள் வருவதில்லை. வந்தாலும் பூச்சி புகாத வலைத்தொப்பி இல்லாமல் நிற்க முடியாது. ஆகவே துணையின்றியே தொடங்குகிறோம்.

வெள்ளைக் கப்பல் அவனைத் துறையில் இறக்கிவிட்டு, ஒருமுறை ஊளையிட்டு, வடக்கு நோக்கிப் போய்விட்டது. அவனோ, முகத்தில் ஒரு முடியும் எஞ்சாமல் மழித்து, வான்நீலக் கோட்டு தரித்து, காதோரத்திலும் கழுத்திலும் லைலாக் பூவின் அத்தரைத் தாராளமாகப் பூசி, ஒரு கையில் தோல்பெட்டியும் மறுகையில் இஞ்சித் தேன்ரொட்டிப் பெட்டியும் தாங்கி, தூரத்து நாட்டிலிருந்து மணம்பேச வந்த இளவரசனைப்போல மேட்டின்மேல் ஏறி நின்றான்.

மணம்பேசத்தான் வந்திருந்தான். சென்ற இலையுதிர் காலத்தில், வெந்நீர் ஊற்று விடுதியொன்றில், முழங்கால் வலிக்குச் சேற்றுக்குளியல் போடப் போன இடத்தில், இடுப்புவலிக்கு வந்திருந்த உஸ்தின்யா புரோகரொவ்னாவைக் கண்டான். எங்கள் ஊருக்கு எதிர்க்கரையில், காட்டோரத்தில், மழையையும் காற்றையும் அளந்து வானொலியில் சொல்லும் வானிலை நிலையத்தின் தனியரசி அவள். அவளும் துணையை இழந்தவள், அவனும் இழந்தவன். விடுதியின் கடைசி நடனத்தில் அவன் காலை நன்றாக மிதித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, அவள் சொன்னாள்: "உங்க முகம் இருக்கே, பொய் சொல்லத் தெரியாத முகம்."

அந்த ஒரு வாக்கியத்தை நெஞ்சில் அடைகாத்தபடி அவன் குளிர்காலம் முழுவதும் தேரோட்டினான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினார்கள். பனியைப் பற்றியும், முழங்காலைப் பற்றியும், நிலையத்தின் மழைமானிக்குள் கூடுகட்டிய குருவியைப் பற்றியும் பேசினார்கள். பேசவேண்டியதை மட்டும் பேசவில்லை. வசந்தத்தில் அவன் வேலையை விட்டான். "வேலைய விட்டுட்டேன், உஸ்தின்யா. நீங்க சரின்னு சொன்னா இங்கேயே இருந்துடறேன்" என்ற பொன்மொழியைக் கப்பலறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே ஒத்திகை செய்துகொண்டு வந்தான். ஆகவே, கேட்போரே, இப்போரில் பணயமாக நின்றது நாடன்று, நகரன்று. ஒரு முகம்.

பிற்பகல் அளவீட்டை முடித்ததும் உஸ்தின்யா விசைப்படகில் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதுவரை அவன் கரையில் காத்திருக்கவேண்டும். அவ்வளவுதான். உலகத்துப் பெரும்போர்கள் பலவும் இத்தகைய சிறிய காத்திருப்பில்தான் மூண்டன.

கடைக்காரி பெலகேயா அவனைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே போய், பூர்ச்ச மரப்பட்டையிலிருந்து வடித்த கருந்தைலக் குப்பியோடு வந்தாள்.

"ஐயா, இதைக் கொஞ்சம் மூஞ்சியில தடவிக்குங்க. நாத்தந்தான். ஆனா வந்த மூஞ்சியோட திரும்பிப் போகலாம்."

வீரன் ஓரடி பின்வாங்கினான். அத்தரின் மணமும் தைலத்தின் நாற்றமும் காற்றில் மோதிக்கொண்டன. மார்பில் கைவைத்து அவன் முழங்கினான்: "அம்மா! இந்த முகத்தை இன்னைக்கு ஒருத்தங்க பார்க்கப் போறாங்க. இதுல கரி பூசமாட்டேன்!"

கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த அஃபனாசி, ஆற்று மிதவை விளக்குகளைப் பார்த்துக்கொள்பவன், ஊரின் வாய் என்று பெயரெடுத்தவன், உமியைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "அவங்களுக்கு முன்னாடி மோஷ்கா பார்க்குமே, அண்ணே."

பார்த்தது. ஆற்றங்கரைப் புல்லிலிருந்தும், ஈரப்பாசியிலிருந்தும், படகுகளின் அடிவயிற்றிலிருந்தும் எழுந்தது மோஷ்காப் பெரும்படை. கடுகளவு உருவமும் கடலளவு பசியும் கொண்ட கருஞ்சிற்றீக்களின் சேனை. முரசில்லை, கொடியில்லை, அறைகூவலில்லை. கொசுவுக்காவது முன்கூட்டிப் பாடுகிற நாகரிகம் உண்டு, இவற்றுக்கு அதுவுமில்லை. லைலாக் அத்தரை விருந்தழைப்பாகக் கொண்டு, இடப்படை காதில் நுழைய, வலப்படை மூக்கில் நுழைய, நடுப்படை புருவத்தின்மேல் பாசறை அடிக்க, முன்செல்லும் தூசிப்படை சட்டைக் காலருக்குள் இறங்கிக் காணாமல்போனது. வெனியமின் கை வீசினான், கைக்குட்டை வீசினான், தேன்ரொட்டிப் பெட்டியைக் கேடயமாக ஏந்தித் தன்னைத்தானே சுற்றிச் சுழன்றான். ஒன்றை அடித்தால் அதன் சாவுக்கு ஊரே திரண்டு வந்தது. இடக்கண் இமை மெல்ல உப்பத் தொடங்கியது.

அப்போதுதான் அவன் கண்டான் அந்தப் புகையை.

மேட்டின் ஓரத்தில், வேலியோரமாக, துருப்பிடித்த தொட்டியொன்றில் ஈரப்பாசியும் காய்ந்த சாணமும் கனன்று, நீலச்சாம்பல் நிறத்தில் கனத்த புகை எழுந்து தரையோடு தவழ்ந்தது. அப்புகை சூழ்ந்த சிறுவட்டத்துக்குள் ஒரு பூச்சியும் நுழையாது. மதிலற்ற கோட்டை, அகழியற்ற அரண்! ஆனால் அரசற்ற கோட்டையன்று. அதன் நடுவில், நெற்றியில் வெண்சுட்டி ஒளிர, தாடை அசைய, நான்கு கால்களையும் நான்கு தூண்களாக ஊன்றி நின்றாள் பெலகேயாவின் பசு. பேரரசி என்று பொருள்படும் சரீத்சா என்பது அவள் திருநாமம்.

"அது மாட்டுக்குப் போட்ட புகைங்க" என்றாள் பெலகேயா. "மாடு இடம் விட்டா நீங்க தாராளமா நிக்கலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பகைவரின் ஆநிரையைக் கவர்வதற்கு வெட்சிப்பூச் சூடிப் போவது நம் முன்னோர் வழக்கம். ஆவையே அகற்றி, அது நிற்கும் இடத்தைக் கவர்வதற்கு எந்தப் பூவைச் சூடுவது என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. வெனியமின் கைக்குட்டையைத் தலையில் சூடிக்கொண்டு புறப்பட்டான்.

முதல்நாள் போர் என்று சொல்லத்தக்க முதல் நிமிடப் போர் சொல்லால் நடந்தது. தோம்ஸ்க் மக்களை ஆண்டாண்டுகளாக அசைத்த அந்தக் குரலை, நெரிசல் வேளைகளில் கதவு முதல் கடைசி இருக்கை வரை அதிரும் அந்தக் குரலை, நுரையீரல் நிறைய ஏற்றி அவன் அறைகூவினான்:

"முன்னாடி போங்க! உள்ள நிறைய இடம் இருக்கு! வழிய அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க!"

சரீத்சா டிராமில் போனவளல்லள். அவள் வாய்க்குள் இருந்ததை மென்று விழுங்கி, அடுத்ததை வரவழைத்து, வாலை ஒருமுறை வீசினாள். சாட்டையென வந்த வால் வீரனின் கைக்குட்டையைத் தலையிலிருந்து பறித்துத் தொட்டிக்குள் எறிந்தது. புகை கொஞ்சம் நன்றாகவே வந்தது.

"டிக்கெட் கேளுங்க அண்ணே!" என்று கத்தினான் அஃபனாசி.

இரண்டாம் போர் தோளால் நடந்தது. கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டி, சட்டைக் கையைச் சுருட்டி, பனியில் சிக்கிய டிராமைத் தள்ளிப் பழகிய தோளை அவள் விலாவில் பொருத்தி, பல்லைக் கடித்து, பாதம் புழுதியை உழ, நரம்பு புடைக்க, முன்னோர் அனைவரையும் நினைத்து அவன் தள்ளினான். பேரரசிக்கு அது இதமாக இருந்திருக்கவேண்டும். யாரோ சாய்ந்துகொள்ளத் தோள் கொடுக்கிறார்கள் என்று எண்ணி, தன் உடம்பு மொத்தத்தையும் அவன்மேல் சாய்த்தாள். மலை சரிந்ததுபோல் அவன் சரிந்தான். வேலிக்கும் பசுவுக்கும் இடையில், புகைக்கு வெளியே, முகம் மட்டும் பூச்சிக்குக் கிடைக்கும்படி அவன் மாட்டிக்கொண்ட அந்தச் சிறுபொழுதில், வலக்கண்ணும் போயிற்று.

"ஏம்மா பெலகேயா, மாட்டைக் கொஞ்சம் இழு. மனுசன் செத்துடப் போறான்" என்றான் அஃபனாசி.

"நான் இழுத்தா அதுக்குக் கோவம் வரும். கோவம் வந்தா பால் நிக்கும். பால் நின்னா உன்னையா கறக்கிறது?"

படை தோற்றால் தூது. தோற்ற வேந்தர் எல்லாரும் கப்பம் கட்டியிருக்கிறார்கள். வெனியமினுக்கும் அதில் நாணமில்லை. இரு கண்களும் கோடாகச் சுருங்கிய நிலையில், விரல்களால் தடவித் தடவி, உஸ்தின்யாவுக்கென்று தோம்ஸ்கின் சிறந்த அடுமனையில் வாங்கிச் சுமந்துவந்த தேன்ரொட்டிப் பெட்டியின் நாடாவை அவிழ்த்தான். ஒன்றை எடுத்து நீட்டினான். சொரசொரப்பான நாக்கு வந்து உள்ளங்கையை வழித்துப் போனது. மற்றொன்றை நீட்டினான். பேரரசியின் காதுகள் முன்னால் மடிந்தன. மூன்றாவதற்கு அவள் ஓரடி விலகி, அவன் பக்கம் திரும்பினாள். அந்த ஓரடி நிலத்தில், புகையின் விளிம்பில், வீரன் கால் வைத்தான்! ஒரு ரொட்டிக்கு ஒரு சாண் என்று நாடு கைமாறியது. ரொட்டி தீர்ந்ததும் அவள் பெட்டியின் அட்டையைத் தின்றாள், பின் நாடாவைத் தின்றாள், பின் அவன் கொம்படியைச் சொறிந்துவிட்டதை மனமுவந்து ஏற்று நின்றாள். இப்படியாக வென்றவரும் தோற்றவரும் ஒரே புகையில் விலாவோடு விலா சாய்ந்து நிற்க, ஊரே பார்க்க, உடன்படிக்கை நிறைவேறியது.

ஆனால் எதைக் காக்க அந்தக் கோட்டையைப் பிடித்தானோ அது கோட்டைக்குள் வருமுன்பே விழுந்துவிட்டது. கண்கள் பிசைந்த மாவில் அழுத்திய உலர்திராட்சைகள். கீழுதடு மேலுதட்டைச் சுமக்கமுடியாமல் தொங்கியது. காதுகள் வேறு யாருடையவையோ. இவையனைத்தின்மேலும் கண்ணீரும் கரிப்புகையும் கலந்து வரிவரியாக ஓடின.

ஆற்றின் நடுவிலிருந்து விசைப்படகின் ஓசை கேட்டது.

வாளுக்கும் அஞ்சாத நெஞ்சம் அந்த ஓசைக்கு நடுங்கியது. அவன் குனிந்து சரீத்சாவின் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்தான். பால்மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உஸ்தின்யா தன்னைப் பார்க்காமலே போய்விடட்டும் என்றும், போய்விடக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டான். அடுத்த கப்பலில் திரும்பிப் போய், முகம் வடிந்த பின் மறுபடி வரலாமா? அதற்குள் ஆறு உறைந்துவிடுமே?

ரப்பர் முழங்கால்பூட்சும் வலைத்தொப்பியுமாக மேடேறி வந்தாள் உஸ்தின்யா. வெள்ளைப் புள்ளிபோட்ட புதுப்பாவாடை பூட்சுக்குமேல் எட்டிப்பார்த்தது. கரையை ஒருமுறை கண்ணால் அளந்தாள். முகம் வாடியது.

"கப்பல் வந்துச்சா, பெலகேயா? யாரும் இறங்கலையா?"

பெலகேயா பசுவைப் பார்த்தாள். அஃபனாசி வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறக்காமல் விதையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"வரமாட்டாருன்னு தெரியும்" என்றாள் உஸ்தின்யா, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "இவ்வளவு தூரம் யாரு வருவா? நான்தான் பைத்தியக்காரி மாதிரி பாவாடைய எடுத்து மாட்டிக்கிட்டேன்." அவள் திரும்பி இறங்கத் தொடங்கினாள்.

கேட்டான் வீரன். முகமா, மானமா, எல்லாம் ஆற்றோடு போகட்டும் என்று, பேரரசியின் முதுகைப் பற்றி எழுந்து, புகைக்கு நடுவே நிமிர்ந்து நின்று, குளிர்காலம் முழுதும் காத்துவைத்த பொன்மொழியைக் கூவினான். ஆனால் வீங்கிய உதடுகள் அதைச் சிதைத்தன.

"வேவய வித்துத்தேன், உத்தின்யா! நீங்க தவின்னு தொன்னா இங்கேயே இவுந்துதவேன்!"

அவள் சடாரென்று நின்றாள். முகம் தெரியவில்லை, கோட்டில்லை, அத்தர் மணமில்லை. ஆனால் தன் பெயரை அழைக்கும்போது நடுவில் ஓர் அரைமூச்சு நிறுத்தும் அந்தக் குரலை ஞாயிறுதோறும் காதோடு அழுத்திக் கேட்டவள் அவள்.

"வெனியமின் லூக்கிச்? நீங்களா அது?"

அவன் தலையாட்டினான். அவள் வலையைத் தூக்கிப் பார்த்தாள். பின் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். புதுப்பாவாடையோடு அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகரைக் காடு எதிரொலிக்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்து, பெலகேயாவின் கையிலிருந்த குப்பியை வாங்கி, அந்தக் கருந்தைலத்தை அவன் நெற்றியிலும் கன்னத்திலும் காதுமடலிலும் தன் கையாலேயே, மெதுவாக, ஓரிடம் விடாமல் பூசினாள். அவன் அசையவில்லை.

"என்னமோ சொன்னீங்களே, என்னது?"

அவன் வாய் திறக்குமுன் அஃபனாசி பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "வேலைய விட்டுட்டாராம்மா! நீ சரின்னா இங்கேயே இருந்துடறாராம்! நான் மிதவையில தூங்கினாலும் இவ்வளவு தெளிவாக் கேட்டிருக்கும்!"

உஸ்தின்யா எண்ணெய்க் கையைப் புல்லில் துடைத்தாள்.

"எந்த முகத்தை நம்பிச் சரி சொல்றது? முதல்ல படகுல ஏறுங்க. வீக்கம் வடியட்டும். உள்ள யாரு இருக்காங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். ஆனால் அவனுடைய தோல்பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.

அதன்பின், தைலம் பூசிய முகம் வெயிலில் கருங்கல் சிற்பமென மின்ன, வேலியிலிருந்து மீட்ட வான்நீலக் கோட்டு கொடியெனப் பறக்க, பெலகேயா கையசைக்க, மாட்சிமை தங்கிய சரீத்சா ஒருமுறை அம்மாவென்று விடைகொடுக்க, பூச்சிப்படை கரையிலேயே கைவிடப்பட்டுக் கலங்க, விசைப்பொறி சிங்கமெனக் கர்ச்சிக்க, கடலோவென்று கண்டார் திகைக்கும் ஓப் பேராற்றின் வெள்ளிநீரை இருகூறாகப் பிளந்து, தூய காற்றும் அகன்ற வானும் அல்லாமல் வேறொரு சாட்சியுமில்லாத நீர்ப்பரப்பில், எதிரெதிரே அமர்ந்த அவ்விருவரையும் ஏந்தி, எதிர்க்கரையின் இருண்ட காட்டையும் எதிர்காலத்தையும் நோக்கிப் பாய்ந்தது அந்தச் சிறுபடகு.

பாதி ஆற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது.