எக்கோ பார்த்த மாப்பிள்ளை

பத்து வருஷம் விசைப்படகு ஓட்டினால் ஒருவனுக்கு இரண்டு வியாதி வரும். ஒன்று முதுகுவலி, இன்னொன்று எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எனக்கு முதுகு நன்றாகவே இருந்தது.

எங்கள் காசிமேட்டுக் குப்பத்துக்குள் செல்போன் இன்னும் நுழையாத காலம். என் மனைவி செல்விக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம் என்றார் டாக்டர். புதிதாக வந்த பரிசோதனை ஒன்றும் சொன்னார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தைத் தாண்டி அந்த ரத்தக்குழாய்க்குள் கொண்டுபோவார்களாம். அதன் நுனி ஒலி அனுப்பும். திரும்பி வரும் ஒலியை வைத்து, ரத்தக்குழாயின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று திரையில் தெரியும். ரொம்பத் தடித்திருந்தால் மாத்திரைக்குக் கேட்காது.

"நம்ம போட்ல மீன் பாக்குற எக்கோ மாதிரியா சார்?"

"கிட்டத்தட்ட அதேதான்."

அந்த ஒரு வார்த்தையில் நான் பாதி டாக்டராகிவிட்டேன்.

பரிசோதனை அன்று மாமியாரும் மச்சான் குமாரும் கூட வந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், (குடித்த தண்ணீருக்காக) மறுபடி எழுந்தேன். கடைசியில் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். திரையில் வெள்ளையாக ஒரு வளையம், நடுவில் கன்னங்கரேலென்று வெறுமை. எங்கள் எக்கோவில் கறுப்பாக இருந்தால் கீழே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"இன்னா மாப்ள, எப்டி கீது?" என்றார் மாமியார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல அத்தே. ரத்தமே ஓடல."

அவர் மாரில் அடித்துக்கொண்டு கத்தினார். குப்பத்துக்குச் சாவுச் சேதி சொல்ல குமார் ஒரு ரூபாய் போனுக்கு ஓடினான். (தடுக்க வேண்டும் என்று இந்தப் பாதி டாக்டருக்குத் தோன்றவில்லை.) எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஐஸ் ஏற்றித் தயாராக இருந்த படகுகள் அத்தனையும் நின்றுவிட்டன.

அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"சுவர் அதிகமா தடிக்கலை. மாத்திரையிலேயே சமாளிக்கலாம்."

"சார், நடுவுல கறுப்பா கீதே..."

"அதுதான் ரத்தம் ஓடுற வழி. அகலமா இருந்தா நல்லது."

எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்புறம்தான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. எல்லோரும் மீன் வேனில் கிளம்பிவிட்டார்கள்.

வார்டில் செல்வி பால் குடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து பேர் ரோஜா மாலையோடு உள்ளே வந்து அப்படியே நின்றார்கள்.

"யாரு செத்தது?" என்றாள் செல்வி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதான்" என்றேன்.

செல்வி இன்றும் மாத்திரை போடுகிறாள், என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள். குப்பத்தில் யார் வீட்டுச் சாவுச் செய்தி வந்தாலும் படகுக்காரர்கள் முதலில் கேட்பது, "சொன்னது யாரு?"

நான் என்று தெரிந்தால், "வலைய ஏத்து மாமு" என்று கிளம்பிவிடுகிறார்கள்.