கலந்தரின் வாடியும் சட்டத்துக்குட்பட்ட டிஷ்ஷும்

கல்முனைக்குடியில் கலந்தர் குடியிருக்கும் வீடு அவருடைய மனைவி ஸம்றாவின் சீதனம். ஊருக்கு மேற்கே இருக்கும் மூன்று ஏக்கர் வயலும் ஸம்றாவின் சீதனம். முப்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரேயொரு பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்திறங்கியவர் கலந்தர். அவருக்கென்று சொந்தமாக இருந்தவை இரண்டு. ஒன்று, வயற்காவலுக்கென்று அவர் கையாலேயே கட்டிய வாடி என்ற குடில். மற்றது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு.

இரண்டையும் அவர் ஒரே இடத்தில் வைத்துத்தான் வளர்த்து வந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாடிக்குப் போவார். கூரையில் செருகிய தகரப் பேணியை எடுப்பார். உள்ளே கஜு போட்டு, எண்ணெய் மினுங்கும் கறுத்த தொதல் இனிப்பு இருக்கும். ஸம்றா கண்டால் பேணியையும் அவரையும் சேர்த்து வாய்க்காலில் போட்டுவிடுவாள். வாடியில் போன் கவரேஜ் இல்லாதது அல்லாஹ் தனக்கென்றே தந்த றஹ்மத்து என்று அவர் நம்பியிருந்தார்.

இப்படிச் சுகமாக இருந்த மனிதருக்கு, தொதல் இருக்கிறது, காற்று இருக்கிறது, கிரிக்கெட் மட்டும் இல்லையே என்ற குறை வந்தது. கெமரா பூட்டும் கடை வைத்திருக்கும், அவரை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் முர்ஷித்திடம் போய்ச் சொன்னார். வீட்டுக் கூரையில் ஒரு டிஷ், வாடியில் ஒரு டிஷ், இரண்டிலும் சிக்னல் அனுப்ப ஒவ்வொரு பெட்டி, வீட்டு இன்டர்நெட் பாய்ந்து வந்துவிடும் என்றான் முர்ஷித்.

"ஆனா கூரை மதினிடது. கேட்டுட்டு வாங்க காக்கா."

கலந்தர் கேட்டார்.

"இஞ்ச பாரு புள்ள, வாடிக்கு இன்டர்நெட் எடுக்கப் போறன்."

"என்னத்துக்கு?"

"யானை வந்தா உடன சொல்றதுக்கு."

"யானைக்கா, எனக்கா?"

"உனக்குத்தான்."

"நல்லம். அப்ப வீடியோவில கதைக்கலாம். டொக்டர் சொன்ன மாதிரி நடக்கிறீங்களா, இருந்து திங்கிறீங்களா எண்டு நானும் பார்க்கலாம். சீனி ஏன் இறங்குதில்ல எண்டு அவர் என்னத்தான் கேக்கிறார்."

கலந்தருக்கு அந்த இடத்திலேயே சீனி இறங்கியது போலிருந்தது. நேரே முர்ஷித்திடம் ஓடினார்.

"கிரிக்கெட் இஞ்சால வரணும். என்ட மூஞ்சி அங்கால போகப்படா. வழி இரிக்கா?"

"இரிக்கு காக்கா. லைசன்ஸ் இல்லாமப் போடுற பெட்டிக்குச் சட்டத்தில ஒரு அளவு இரிக்கு. அதுக்கு மேல பவர் விடேலா. பெட்டி விடுறதையும் டிஷ் பெருக்கிறதையும் சேர்த்துத்தான் அந்த அளவு. டிஷ் பெருசெண்டா பெட்டிட பவர அமத்திக் குறைக்கணும்."

"அளவ விடக் குறைச்சு விட்டா?"

"அத ஆரு கேக்கப் போறா? வாடிப் பெட்டிட பவர அடிமட்டத்துக்கு அமத்தி விடுறன். வீட்டுப் பெட்டி முழு அளவுக்கு விடும், கிரிக்கெட் வரும். உங்கட மூஞ்சி ஒழுங்காப் போகா."

கலந்தர் அவனைக் கட்டிப்பிடித்தார். முப்பத்தாறு வருடமாக ஸம்றாவின் சட்டத்துக்குக் கீழே காலம் தள்ளியவருக்கு முதல் தடவையாக அரசாங்கச் சட்டம் துணைக்கு வந்திருக்கிறது. அழுகை வராத குறை.

டிஷ் பூட்டிய அன்று கிரிக்கெட் துலக்கமாக வந்தது. நாலரைக்கு ஸம்றாவின் அழைப்பும் வந்தது.

"என்ன இது, உங்கட மூஞ்சி உடைஞ்ச ஓடு மாதிரி கட்டங்கட்டமா நிக்குது?"

"சட்டம் புள்ள. லைசன்ஸ் இல்லாத பெட்டிக்கு இவ்வளவுதான் பவர். அரசாங்க உத்தியோகம் பார்த்த ஆள் நான். அதுக்கு மேல கூட்ட மனச்சாட்சி விடுமா?"

"அது எழுத்தில இரிக்கா?"

"ஓம். முர்ஷித்திட்ட கடதாசி இரிக்கு."

"அப்பச் சரி. சட்டத்த மீறப்படா."

ஸம்றா இவ்வளவு லேசாக எதற்கும் சம்மதித்ததில்லை. அவருக்கு அதில் ஒரு பயம் வந்திருக்க வேண்டும். கலந்தருக்கோ அவள்மேல் இரக்கம்தான் வந்தது. அவள் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதை வெற்றிக் களிப்பில் மறந்துபோனார்.

பத்து நாள் ராஜவாழ்க்கை. நாலரைக்கு அழைப்பு வரும். படம் உடையும், சத்தம் மட்டும் ஒருமாதிரிப் போய்ச் சேரும். கலந்தர் தொதலை மென்றபடியே, "நடக்கிறன் புள்ள, மூச்சு வாங்குது" என்பார். துணிச்சல் ஏற ஏற, தொதலைக் கெமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டு வாயில் போடவும் பழகிக்கொண்டார்.

பதினோராம் நாள் சாறனைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டி, பாயில் மல்லாந்து, கால்மேல் கால் போட்டுக் கிடந்தார். இலங்கைக்கு நாலு ஓவர் மிச்சம். அழைப்பு வந்தது.

"நடந்து முடிச்சாச்சா?"

"ரெண்டு சுத்து முடிஞ்சி புள்ள."

"கையில என்ன?"

"மண்வெட்டி."

"மண்வெட்டிய ஏன் கடிக்கிறீங்க?"

கலந்தரின் தாடை அப்படியே நின்றது.

"படம்... வருதா?"

"கண்ணாடி மாதிரி வருது. தாடியில ஒட்டியிரிக்கிற கஜுத் துண்டும் தெரியுது."

கலந்தர் துள்ளியெழுந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பவரக் கூட்டினியா? குற்றம் புள்ள! ஆக்கள் வந்து பெட்டியக் கழட்டிட்டுப் போவாங்க!"

"உங்கட பெட்டியில நான் கையும் வெக்கல்ல. நீங்க சொன்ன கடதாசிய வாங்கிப் படிச்சன். இண்டைக்கு நீங்க அங்கால போக, முர்ஷித்தக் கொண்டு இஞ்ச கூரையில பெரிய டிஷ் ஒண்டு ஏத்தினன். அதுக்குத் தக்க இஞ்சத்தப் பெட்டிய அமத்தியாச்சு. கூட்டிப் பாருங்க, அளவுக்குள்ளதான் நிக்கும்."

"பவர் கூடாம எப்படிப் படம் வரும்?"

"கதைக்கிறவர் இவ்வளவுதான் கதைக்கலாம் எண்டுதான் சட்டத்தில இரிக்கு. கேக்கிறவள் எவ்வளவு பெரிய காது வெச்சுக் கேக்கலாம் எண்டு ஒரு அளவும் இல்ல. நீங்க மெதுவாவே கதையுங்க, எனக்குக் கேக்கும்."

கலந்தருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டம் காட்டிக்கொடுத்துவிட்டது, முர்ஷித் ஒரு வார்த்தை சொல்லாமல் கூரையேறிவிட்டான், இனி மிஞ்சியிருப்பது மானம் ஒன்றுதான். அதையாவது காப்பாற்றப் பார்த்தார்.

"சரி புள்ள, இனிமேப்பட்டுத் திங்க மாட்டன். இது நமக்குள்ள இரிக்கட்டும். வேற ஆருக்கும் தெரிய வேணாம்."

"நான் ஏன் சொல்லப் போறன்? போனில பார்த்தாக் கண் நோகுது எண்டு டிவியில போட்டிரிக்கன். என்ட கூடப்பிறந்த ராத்தாமார் மூணு பேரும் இஞ்சதான் இரிக்காங்க. சாறனக் கொஞ்சம் இறக்கி விடுங்க."