அடியில் தட்டாத குழாய்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் ரத்தோட்டைக்கு மேலே, மலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த இரும்புக் குழாய் முழுக்க என் கையால் பூட்டியது. முப்பது வருடமாக ஊரே என்னை 'பைப் பாஸ்' என்றது. ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், குழாய் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லிவிடுவேன். (சொன்னதை யாரும் எழுதிவைக்காதது என் அதிர்ஷ்டம்.)

மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், பழைய குழாய்களைப் பரிசோதிக்க ஓர் எஞ்சினியர் பிள்ளை வந்தாள். சேற்றில் முழங்காலிட்டு, குழாயின் அடியில் ஒரு சின்னக் கருவியை ஒட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மேல்பக்கம் நல்லாத்தான் இருக்கு. அடியில சேறு தங்கித் தேய்ஞ்சு போச்சுது. இந்த மழைக்குத் தாங்காது. இண்டைக்கே தண்ணிய மறிச்சு மாத்துவம்."

ஏற்பாடுகளைப் பார்க்க வந்த சம்பந்தி பக்கத்திலேயே நின்றார். அவர் முன்னால் என் குழாய்க்குக் கெடு வைப்பதா?

"மிஸ், நீங்க பொறக்க முந்தி நான் போட்ட பைப்பு இது. என் பேரன் கல்யாணத்துக்கும் இதுலதான் தண்ணி வரும். கேளுங்க!" மேலே தட்டினேன். கோயில் மணி தோற்றது.

"அடியில தட்டுங்கோ ஐயா, பாப்பம்."

உண்மையைச் சொல்கிறேன். முப்பது வருடத்தில் ஒருநாளும் அடியில் தட்டியதில்லை. அதற்குக் குனிய வேண்டும். (பைப் பாஸ் குனிவாராக்கும்!) அன்று ரோஷத்தில் குனிந்து ஓங்கி ஒன்று வைத்தேன். சத்தமே வரவில்லை. ஸ்பேனர் உள்ளே போய்விட்டது.

பீறிட்ட தண்ணீர் என்னை மல்லாக்கத் தள்ளியது. கைகொடுத்துத் தூக்கிய சம்பந்தி சொன்னார்: "பேரன் கல்யாணத்துத் தண்ணி இப்பவே வந்துருச்சே, சம்பந்தி!"

அந்தத் துண்டைக் கழற்றப் போனால், தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஒரு வாரம் லயங்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்யாணத்தன்று விடியற்காலை, என் மகள் மருதாணிக் கையோடு ஓடையிலிருந்து வாளி சுமந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் வருகிறது. உதிராமல் மிஞ்சிய என் இரும்புத் துண்டுகளை நட்டு, கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறார்கள். பாஸ் என்று கூப்பிட ஒரு நாதியில்லை.

போன மாதம் நெஞ்சுவலி. மாத்தளையில் டொக்டர் என் நெஞ்சை விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்க, இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார்.

கூட வந்த மகள் சொன்னாள்: "மேல மட்டும் தட்டிட்டுச் சொல்லாதீங்க டொக்டர். அடியிலயும் பாருங்க."

டொக்டருக்கு விளங்கவில்லை. நான் குப்புறப் படுத்தேன்.